இளைப்பு இல்லாத மூன்று வாரம்

கினிப்பன்றி தும்மினால் முதல் தடவை எல்லோருக்கும் சிரிப்புத்தான் வரும். அத்தனை சின்ன மூக்கிலிருந்து அத்தனை மரியாதையான ஒரு சத்தம். எங்கள் வீட்டிலும் சிரித்தோம். அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று புரிய நாலு நாள் ஆனது.

மேடம், பிள்ளை ஏன் "நான்தான் கொன்னேன், நான்தான் கொன்னேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள் என்று கேட்டிருந்தீர்கள். அவளுடைய புதுப் பள்ளியில் நீங்கள் மனநல ஆலோசகர். கேட்பது உங்கள் வேலை. நடந்ததை உங்களுக்கு எழுதி அனுப்பும்படி என் தங்கையும் வேறொருவர் மூலம் சொல்லியனுப்பினாள். அவளாகப் பேசவில்லை. இரண்டு மாதமாக என் தொலைபேசியை எடுப்பதில்லை. பத்து வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டு இப்படித்தான் நடந்துகொள்கிறாள். போகட்டும், எழுதுகிறேன். எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை.

நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். இருபத்திரண்டு வருடம். டாக்டர்களின் கிறுக்கல் எழுத்தை அவர்களைவிட நான் நன்றாகப் படிப்பேன். ஒரு மாத்திரை மாறிக் கொடுத்ததாக இதுவரை ஒருவர் வந்து நின்றதில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தமும் இல்லை. ஏனென்றால், கணவன் விட்டுப் போன பிறகு தங்கை எட்டு மாதக் குழந்தையோடு என் வீட்டுக்கு வந்தாள். மூன்றாம் மாடியில் இரண்டு அறை உள்ள வீடு. பெரிய அறையை அவர்களுக்குக் கொடுத்தேன். பிள்ளை ஒல்லியாக, தலை மட்டும் பெரிதாக இருந்ததால் குண்டூசி என்று பெயர் வைத்தேன். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. அவள் முதல் அடி வைத்ததும் பெரியம்மாவான என்னை நோக்கித்தான். பெற்றது மட்டும்தான் நீ, மற்றதெல்லாம் நான் என்று தங்கையிடம் விளையாட்டாகச் சொல்வேன். அவளும் சிரிப்பாள். வருடம் போகப் போக அந்தச் சிரிப்பு குறைந்து வந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. கூட இருப்பவர்களைச் சந்தேகத்தோடு பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை.

குண்டூசியின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு இரண்டு கினிப்பன்றிகள் வாங்கினோம். ஒன்று கூண்டில் எதை வைத்தாலும் முதலில் மோந்து பார்த்து அனுமதி கொடுக்கும். அதற்கு அதிகாரி என்று பெயர். இன்னொன்று விழுந்த இடத்திலேயே கிடக்கும், அது மூட்டை. குளிர்பதனப் பெட்டியின் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் இரண்டும் விசிலடிக்கும். நான் வேலையிலிருந்து திரும்பியதும் முதல் வேலையே அந்தக் கதவைத் திறப்பதுதான். பதில் சொல்ல வீட்டில் யாரோ இருக்கிறார்கள் என்பது ஒரு சந்தோஷம்.

முதல் நோய் தானாக வந்தது. இதை அழுத்தமாகச் சொல்லிக்கொள்கிறேன், அதில் என் பங்கு எதுவும் இல்லை. குளிர் மாதம், கூண்டு ஜன்னலோரம் இருந்தது. தும்மலில் ஆரம்பித்து இளைப்பு வந்தது. மூட்டை மூச்சு விடும்போது பக்கவாட்டுச் சதை உள்ளே போய் வந்தது. நமக்குக் கொடுக்கிற சில மருந்துகள் இவற்றைக் கொன்றே விடும் என்று விலங்கு டாக்டர் எச்சரித்தார். எனக்கு அது தெரியும். அவர் கொடுத்த மருந்தை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து வாயோரமாகச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தேன். சாப்பிட மறுத்தபோது புல்தூளைக் கூழாக்கி ஊட்டினேன். குண்டூசி தினமும் காலையில் சமையலறைத் தராசில் அவற்றை நிறுத்து நோட்டில் குறித்தாள். பத்து நாளில் தேறிவிட்டன. அந்தப் பத்து நாளும் நாங்கள் மூன்று பேரும் கூண்டைச் சுற்றித் தரையிலேயே உட்கார்ந்திருந்தோம். "நீ மட்டும் இல்லன்னா நாங்க என்னக்கா பண்ணியிருப்போம்" என்று தங்கை சொன்னாள். அவள் வாயால் சொன்னது அது.

அதற்கடுத்த வாரம் பிள்ளையின் பள்ளி எழுத்தர் இருமல் மருந்து வாங்கக் கடைக்கு வந்தார்.

"டி.சி. எல்லாம் ரெடி பண்ணி வெச்சிட்டேங்க. நல்லா படிக்கிற பொண்ணு, போறதுதான் கஷ்டமா இருக்கு. நீங்களும் கூடப் போறீங்களா?" என்றார்.

நான் பாட்டிலை உறையில் போட்டு, சாப்பிட்ட பிறகு இரண்டு வேளை என்று சொல்லி அனுப்பினேன். ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, சோறு போட்ட எனக்கு மட்டும் தெரியவில்லை.

தங்கையிடம் கேட்டேன். வேறு ஊரில் பெரிய பதவி கொடுத்திருக்கிறார்கள், வீடுகூடப் பார்த்தாகிவிட்டது என்றாள்.

"எப்ப சொல்றதா இருந்தே?"

"சொல்லலாம்னுதான்க்கா இருந்தேன். நீ எப்படி எடுத்துப்பியோன்னு பயமா இருந்துச்சு."

"குண்டூசிக்குத் தெரியுமா?"

"போன மாசமே சொல்லிட்டேன். உன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்னு அவகிட்ட சொல்லி வெச்சிருந்தேன்."

ஒரு மாதம். அந்த ஒரு மாதமும் பிள்ளை என் தட்டில் சாப்பிட்டிருக்கிறாள், என் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கிறாள், ஒரு வார்த்தை விடவில்லை. பத்து வயதில் ரகசியம் காக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நான் இல்லை, மேடம். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

நான் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் ஒரே வாரத்தில் மூட்டை கட்டிக் கிளம்பியிருப்பார்கள்.

கிளம்புவதற்கு முன் கினிப்பன்றிகளை ஒரு தடவை டாக்டரிடம் காட்டினோம். அந்த ஊருக்கு வண்டியில் முழுப் பகல் போக வேண்டும். டாக்டர் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, மூட்டைக்கு நுரையீரலின் அடியில் இன்னும் லேசாகச் சத்தம் இருக்கிறது என்றார். "இளைப்பே இல்லாம மூணு வாரம் முழுசா போகட்டும். அப்புறம் தாராளமா கூட்டிட்டுப் போங்க. நடுவுல திரும்ப வந்தா மறுபடி முதல்லேர்ந்து எண்ணணும்" என்றார். குண்டூசி உடனே, அவை இல்லாமல் தானும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். தங்கை அலுவலகத்தில் கெஞ்சித் தேதியைத் தள்ளிப் போட்டாள். இதில் யாரையும் நான் தூண்டிவிடவில்லை.

கூண்டைச் சுத்தம் செய்வது என் பொறுப்பு. இரண்டு அடுக்குத் துணி விரிப்போம், தினமும் இரண்டையும் மாற்ற வேண்டும். பதினைந்தாம் நாளிலிருந்து மேல் துணியை மட்டும் மாற்றினேன். அவ்வளவுதான். அடித்துணி ஈரத்திலேயே கிடந்தது. அந்தச் சிறுநீரின் காரம் நெஞ்சை அறுக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் எதையும் செய்யவில்லை, ஒரு வேலையைச் செய்யாமல் விட்டேன். வீட்டு வேலையில் எல்லோரும் எப்போதாவது ஒன்றை விட்டுவிடுகிறவர்கள்தான். பதினெட்டாம் நாள் மூட்டை தும்மியது. உடனே இரண்டு துணியையும் மாற்றி, மருந்தை எடுத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டேன். மறுபடி தரையில் மூன்று பேர். தங்கை என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அடுத்த முறையும் பதினெட்டு, பத்தொன்பதாம் நாளில் வந்தது. டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார், மருந்தை மாற்றினார், வீட்டில் கொசுவர்த்தி உண்டா, வாசனைத் திரவியம் உண்டா, சுவரில் பூஞ்சை உண்டா என்று துருவினார். தங்கை தன்னுடைய சென்ட் பாட்டிலைத் தூக்கிப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மண்டியிட்டுத் தரையைத் தேய்த்தாள். நான் பக்கத்தில் வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பாவமாகத்தான் இருந்தது.

ஆனால் அதன் விளைவாகத் துணியை அவளே மாற்றத் தொடங்கினாள். அக்கா, நீயும் எவ்வளவுதான் செய்வே என்றாள். அதனால் என்னிடம் மிஞ்சியது மருந்து மட்டும்தான்.

மருந்தைக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். என் தொழிலுக்கு நான் செய்த ஒரே துரோகம் இது. ஏதோ ஒரு மாலை, பாட்டிலைக் கழுவும் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது திரும்பிப் பார்த்தேன். குண்டூசி தண்ணீர் குடிக்க வந்தவள், கையில் டம்ளரோடு நின்றிருந்தாள். வெகுநேரமாக நின்றிருக்க வேண்டும்.

நான் பொய் சொல்லவில்லை. அவள்தான் கேட்டாள்.

"அதுங்களுக்கு ரொம்ப ஆயிடாதுல்ல, பெரியம்மா?"

"ஆகாது. எவ்வளவுன்னு எனக்குத் தெரியும்."

கொஞ்சம் யோசித்தாள். கீழ் வீட்டில் அவளுக்கு உயிர்த்தோழி ஒருத்தி உண்டு. இந்த ஊரை விட்டுப் போக அவளுக்கும் மனசில்லை.

"அப்போ நாம இங்கேயே இருப்போமா?"

"இருப்போம்."

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். அம்மாவிடம் மூச்சுக்கூட விடவில்லை. அந்த வாரம் முழுக்க என்னைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணாலேயே சிரித்தாள். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல வாரம் இருந்ததில்லை. நோட்டில் எடை குறைந்துகொண்டே வந்தது. அவளே கொஞ்சம் கூட்டி எழுதினாள். நான் சொல்லி அல்ல.

மூட்டை ஒரு சனிக்கிழமை மத்தியானம் வாயைத் திறந்து மூச்சு விட ஆரம்பித்தது. கினிப்பன்றி மூக்கால்தான் மூச்சு விடும். வாயைத் திறந்துவிட்டால் முடிந்தது என்று அர்த்தம். தங்கை அலுவலகத்தில் இருந்தாள். நாங்கள் இருவரும் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வாடகைக் காரில் கிளம்பினோம். இரண்டாவது சிக்னலில் நிற்கும்போது குண்டூசியின் மடியிலேயே அது அடங்கிவிட்டது. நான் கணக்கில் தவறிவிட்டேன். உயிரை எடுக்க வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.

அவள் அழவில்லை. டிரைவருக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"நான் முன்னாடியே அம்மாகிட்ட சொல்லியிருந்தா இது பொழைச்சிருக்குமா?"

இந்தக் கேள்விக்காகத்தான் நீங்கள் என்னை எழுதச் சொன்னீர்கள், அது தெரிந்தேதான் இத்தனை தூரம் சுற்றி வந்திருக்கிறேன். நான் சொன்ன பதில் இது: "பொழைச்சிருக்கும். ஆனா அதைப் போய் இப்ப யார்கிட்டயும் சொல்லாதே. நீயும் பார்த்துக்கிட்டுதானே இருந்தே, நோட்டுல நீயும்தானே மாத்தி எழுதினே. அம்மா முதல்ல உன்னைத்தான் கேப்பா. நான் உன்னைக் காட்டிக் கொடுக்க மாட்டேன்."

வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் முதல் கேள்விக்கு உண்மையைத்தான் சொன்னேன். அவளைத் தனியாக விடவும் இல்லை, நானும் கூட இருக்கிறேன் என்றுதான் சொன்னேன்.

பன்னிரண்டு நாள் கழித்து அதிகாரியைக் காட்டப் போனோம். தங்கையும் வந்திருந்தாள். டாக்டர், இவ்வளவு மருந்து போயும் ஏன் கேட்கவில்லை என்று புரியவில்லையே என்றார். குண்டூசி எழுந்து நின்றாள், பள்ளிக்கூடத்தில் பதில் சொல்கிற மாதிரி. "பெரியம்மா மருந்தைக் கொட்டிட்டு தண்ணி குடுத்தாங்க. நான் பார்த்தேன். சொல்லல. நான்தான் கொன்னேன்" என்றாள்.

நான் அவளைக் காட்டிக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். அந்த வாக்கை நான் காப்பாற்றினேன். அவளால் பன்னிரண்டு நாள் முடியவில்லை. அத்தனை பேர் முன்னால், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அன்று சாயங்காலமே இரண்டு பெட்டியோடும் கூண்டோடும் கிளம்பிவிட்டார்கள். அதிகாரி அந்த ஊரில் நன்றாக மூச்சு விடுகிறதாம். அதைக்கூட மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கறிவேப்பிலை மாதிரி என்னை எடுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

ஆக, செய்தது நான். துணியை விட்டதும், மருந்தைக் கொட்டியதும், பிள்ளை தலையில் பழியை ஏற்றியதும் நான்தான். நீங்கள் விரும்பினால் இந்தக் காகிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம், குண்டூசியைத் தவிர. அவள் தப்பாகப் புரிந்துகொள்வாள்.

கடைசியாக ஒன்று கேட்டிருந்தீர்கள். "உன் மேல் எந்தத் தப்பும் இல்லை" என்று அவள் பெயருக்கு என் கையெழுத்தில் ஒரே ஒரு வரி. அதை வைத்துக்கொண்டு அவளைத் தூங்க வைத்துவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் படிப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையை எனக்குத் தெரிகிற அளவுக்கு உங்களுக்குத் தெரியாது. காகிதத்தில் வருவதை அவள் நம்பமாட்டாள். பக்கத்தில் உட்காரவைத்து, தலையைக் கோதி, என் வாயால் சொன்னால்தான் அவளுக்கு இறங்கும். அதனால் அந்த வரியை நான் எழுதப் போவதில்லை.

விடுமுறைக்கு அவளை இங்கே அனுப்பச் சொல்லுங்கள். பெரிய அறை அப்படியே இருக்கிறது. அதுவரை அவள் கஷ்டப்படுவாள், அதை நினைத்தால் எனக்கும் தாங்கவில்லை. வந்ததும் முதல் நாளே சொல்லிவிட முடியாது. இந்த மாதிரி விஷயங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும். எத்தனை நாள் ஆகும் என்பதை அவளைப் பார்த்த பிறகுதான் சொல்வேன்.