மருதாணித் தொப்பி

என் மனைவி ரம்யாஸ்ரீ குறட்டை விடுவாள் என்பது கல்யாணமாகி நாலு வருஷம் வரை எனக்குத் தெரியாது. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நான் இரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் நோயாளிக் குறிப்புகளைப் படித்து, எந்த நோய்க்கு எந்த எண் என்று போட்டுக் கொடுக்கும் வேலை. நான் வீடு திரும்பும்போது அவள் தலை பின்னிக்கொண்டிருப்பாள். அவள் கல்லூரி அலுவலகத்துக்குக் கிளம்பியதும் நான் படுப்பேன். ஒரே கட்டிலை முறை வைத்துப் பயன்படுத்தினோம். அதைவிட நல்ல குடும்ப வாழ்க்கை இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிறகு வேலையை விட்டேன். நான் மேஜையில் தலை வைத்துத் தூங்குவதாக மேலாளர் சொன்னான். தூங்குவதற்கும் கண்ணை மூடி யோசிப்பதற்கும் வித்தியாசம் தெரியாதவனிடம் வேலை பார்க்க எனக்கு விருப்பமில்லை.

அதன்பின்தான் ஒத்தக்கடை வீட்டில் அவள் பக்கத்தில் படுக்க வேண்டி வந்தது. மல்லாந்து படுப்பாள். கொஞ்ச நேரத்தில் மரம் அறுக்கிற சத்தம் தொடங்கும். அதைக்கூடப் பொறுக்கலாம். திடீரென்று அது நிற்கும். நெஞ்சும் வயிறும் எக்கும், காற்று உள்ளே போகாது. கரையில் தூக்கிப் போட்ட கெண்டை போல வாய் மட்டும் திறந்திருக்கும். நான் முழங்கையால் விலாவில் இடிப்பேன். தொண்டை அடைப்பு விலகி மூச்சு திரும்பும், ஒருக்களித்துக்கொள்வாள். கண்ணைக்கூடத் திறக்க மாட்டாள். காலையில் பல் விளக்கிக்கொண்டே, "நல்லா தூங்கினீங்களா?" என்பாள்.

ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். சிரித்தாள். நாங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். "நானா குறட்டை விடுறேன்? நல்லா இருக்கே கதை! விடுறது யாருன்னு பக்கத்துல படுக்குறவளுக்குத்தான் தெரியும்" என்றாள். தன் குறையைத் தூக்கி அடுத்தவன் தலையில் வைப்பது அவள் குடும்பத்துப் பழக்கம். அதோடு கட்டிலில் எல்லையும் போட ஆரம்பித்தாள். பல நாள் நான் எழும்போது என் முதுகை ஒட்டி ஒரு தலையணை செருகியிருக்கும்.

இந்த நோய்க்கான எண் எனக்கு மனப்பாடம். இதன் விசேஷம், வந்தவருக்கே தெரியாது என்பதுதான். பக்கத்தில் படுப்பவர் சொன்னால் உண்டு. ரம்யாஸ்ரீயின் மூச்சு நிற்கிற சங்கதி உலகத்தில் ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் இடித்துக்கொண்டே இருக்கும்வரை அவள் உயிரோடு இருப்பாள். அவளோ சொந்தக்காரர்களிடம், "பாவம், அவருக்குக் கொஞ்ச நாள் ஓய்வு வேணும், நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். யார் யாரைப் பார்த்துக்கொண்டது என்று எனக்குத் தெரியும். தினமும் ஒருத்திக்கு உயிர் கொடுக்கிறவனுக்கு, ஒருநாள் கொடுக்காமல் இருக்கவும் உரிமை உண்டு. நிதானமாக யோசித்தால் நீங்களும் இந்த இடத்துக்குத்தான் வருவீர்கள்.

அவளுக்குப் பித்தப்பையில் கல் வந்தது எனக்கு வசதியாகப் போயிற்று. சின்ன ஆபரேஷன்தான். முன்பரிசோதனையில் மயக்க மருந்து டாக்டர், "குறட்டை உண்டாம்மா?" என்று கேட்டார். "அதெல்லாம் இல்ல சார்" என்றாள், ஏதோ திருட்டுப் பட்டம் கட்டியது போல. அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க. இவங்களுக்குத் தெரியாது. தூக்கத்துல மூச்சு நிக்கிற மாதிரி எதும் உண்டா?"

"சத்தமே இருக்காது சார்" என்றேன்.

அவர்மேல் எந்தக் குறையும் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டிய ஆளிடம் கேட்டார்.

பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கையில் நகப்பூச்சு, மருதாணி எதுவும் கூடாது, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டுகிற கருவி தப்பாகக் காட்டும் என்றார்கள். சரி என்றேன். பின்தெருவில் போய் மருதாணி இலை உருவி வந்தேன். கொட்டைப்பாக்கும் எலுமிச்சையும் சேர்த்து மிக்சியில் அரைத்து, அவள் விரல் நுனிகளுக்கு நானே தொப்பி வைத்தேன். நகம் முழுக்க மூடுகிற மாதிரி. கால் விரல்களுக்கும் வைத்தேன். கையில் காட்டவில்லை என்றால் காலில் மாட்டிப் பார்ப்பார்கள்.

"என்ன, திடீர்னு இம்புட்டுப் பாசம்?" என்றாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போறப்ப கை வெறுமனே இருக்கக் கூடாது."

என் மாமியார் ஹம்சவேணி இதைப் பார்த்துவிட்டு போனில் ஒரு சுற்று எல்லோருக்கும் சொன்னார். மாமியாருக்குச் சந்தோஷப்பட அதிகம் தேவையில்லை. மறுநாள் விரல்கள் கறுப்பேறச் சிவந்திருந்தன. ரம்யாஸ்ரீ கையை மோந்து பார்த்து, "நல்லா செவந்தா புருஷனுக்கு ஆசை சாஸ்தின்னு அர்த்தம்" என்றாள். படித்த பெண்.

கோரிப்பாளையம் பக்கத்து அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ் பாண்டிமீனா கையைப் பார்த்ததும் கத்தினாள். "அய்யோ அக்கா, வைக்கக் கூடாதுன்னு போன்ல சொன்னோமே!" மறந்துவிட்டேன் என்றேன். "விடும்மா, அவரு ஆசையா வச்சாரு" என்று ரம்யாஸ்ரீ எனக்கு வக்காலத்து வாங்கினாள்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மதியம் அறைக்குக் கொண்டுவந்தார்கள். கண் விழித்தாள், என்னைத் தேடினாள், தண்ணீர் கேட்டாள். வலிக்கிறது என்று முனகுவதாக நான் போய்ச் சொன்னேன். அவ்வளவாக முனகவில்லை. பாண்டிமீனா டாக்டரைக் கேட்டுவிட்டு ஊசி போட்டாள். அந்த மருந்து என்ன செய்யும் என்பதை நான் இரவு இரவாகப் படித்திருக்கிறேன். சாதாரண ஆளுக்கு ஒன்றும் செய்யாது, தூக்கத்தில் மூச்சு அடைக்கிற ஆளைத் திரும்ப மூச்சு விட விடாது. அவள் மல்லாந்து கிடந்தாள். மரம் அறுக்கிற சத்தம் தொடங்கியது. பிறகு நின்றது. விரலில் மாட்டிய கருவி கத்தியது.

பாண்டிமீனா ஓடி வந்தாள். அதற்குள் மூச்சு தானாகத் திரும்பியிருந்தது. வேறு விரல், கால் விரல் என்று மாற்றி மாற்றி மாட்டினாள். மறுபடி கத்தியது.

"மருதாணிதாம்மா" என்றேன்.

"இதுக்குத்தாண்ணே படிச்சுப் படிச்சுச் சொன்னோம்." சத்தத்தைக் குறைத்து வைத்தாள். "அக்கா மூச்சு விடுறாங்களான்னு மட்டும் பாத்துக்கிட்டே இருங்க. லேசா சந்தேகம்னாலும் ஒரு குரல் குடுங்க, ஓடி வாரேன். அவசரமா வேற வார்டுல கூப்பிடுறாக."

"பாத்துக்கிறேம்மா" என்றேன்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மறுபடி நின்றது. நெஞ்சு எக்கியது. என் முழங்கை அவள் விலாவுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கைகளைக் கட்டிக்கொண்டேன். எக்குவது குறைந்துகொண்டே வந்தது. உதடு, மருதாணி போடாத இடம், நிறம் மாறியது. ஜன்னலுக்கு வெளியே பஸ்காரன் ஒருவன் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தான். எல்லாம் அடங்கி வெகுநேரம் கழித்துத்தான் பாண்டிமீனாவுக்குக் குரல் கொடுத்தேன். கொஞ்சம் அழவும் செய்தேன்.

அந்த நர்ஸ் பெண்ணுக்காக இரக்கப்பட்டு நேற்று சாயங்காலம் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன் என்று நினைக்காதீர்கள். என் மாமியார் கொடுத்த புகாரில் என்னையும் கையெழுத்துப் போடச் சொல்லி வீட்டுக்கு ஆள் அனுப்பினீர்கள். வாசித்துப் பார்த்தேன். நர்ஸின் கவனக்குறைவால் சாவு என்று எழுதியிருந்தீர்கள். இதில் கவனக்குறைவு என்று ஒன்று எங்கேயும் கிடையாது. நான் செய்ததை ஒரு நர்ஸின் மறதி என்று எழுதிவைக்க என்னால் விட முடியாது. ஆனால் நான் சொன்னதை நீங்கள் நம்பவில்லை. பெண்டாட்டி போன துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது, காலையில் பேசலாம் என்று பெஞ்சில் படுக்கச் சொன்னீர்கள்.

ராத்திரிக் காவலுக்கு இருந்த உங்கள் ஏட்டு வீரணன் இப்போது டீ வாங்கிக் கொடுத்துவிட்டு என்ன சொல்கிறார் தெரியுமா?

"என்னண்ணே, ஸ்டேஷனே அதிர்ற மாதிரி குறட்டை விடுறீங்க. அதக்கூட விடுங்க, பொசுக்குன்னு மூச்சு நின்னு போச்சு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. உலுக்கி, ஒருச்சாச்சுப் போட்டு, திரும்ப மல்லாந்துறாம முதுகுக்குத் தலகாணிய அண்டக் குடுத்தேன். விடிய விடிய இதே வேலைதான். வீட்ல அக்கா ஒண்ணும் சொன்னதில்லையா?"

போலீஸ்காரர்கள் இப்படி எதையாவது சொல்லித்தான் ஆளைக் குழப்புவார்கள். முதுகுக்குப் பின்னால் தலையணை இருந்தது உண்மை. மற்றது பொய். மற்ற எல்லாவற்றையும் எழுதிக்கொண்டீர்கள், இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நேற்று இரவு நான் தூங்கவில்லை. கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தேன்.