பூட்டுப் போட்ட மெஷின்

அக்கா: நான் போன் எடுக்கலைன்னா பேசப் பிடிக்கலைன்னு அர்த்தம். ஆஸ்பத்திரிக்கே வந்து நிக்குற.

தம்பி: ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிடறேன்க்கா.

அக்கா: என்ன பேச? நாலு நாட்டு ஒப்பந்தத்தை முடிச்ச பெரிய மனுஷனுக்கு வாழ்த்து சொல்லணுமா?

தம்பி: வர்த்தகத் துறையில நான் ஒரு அதிகாரி, அவ்வளவுதான்...

அக்கா: அப்ப டிவியில பேனாவைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சது யாரு? ரத்தம் சுத்தம் பண்ற மெஷின் அத்தனையும் நின்னு போச்சு. ஒரு கோளாறும் இல்ல. லைசென்ஸ் முடிஞ்சுதாம். மெஷினை வித்த கம்பெனிக்காரன் எங்கேயோ உக்காந்துக்கிட்டு பூட்டிட்டான்.

தம்பி: கம்பெனி ஆளை வரச் சொல்லி...

அக்கா: கடல் தாண்டி வரணும் அவன். அதுவரைக்கும் நோயாளி தாங்குவாங்களா? மெஷினைப் பார்த்துக்கிறவ நான். நான் திறந்தா குத்தமாம். உங்க ஒப்பந்தம் சொல்லுதாம்.

தம்பி: மென்பொருளை அவங்க காட்ட வேண்டியதில்ல, நாம திறக்கக் கூடாது. ஆமா, இருக்கு.

அக்கா: நம்ம ஆளுங்களுக்குத் தொழில்நுட்பம் கத்துக் கொடுப்பாங்கன்னு வீட்ல வந்து அளந்தியே?

தம்பி: முதல் வரைவுல இருந்துச்சு. கடைசிச் சுற்றுல எடுத்துட்டாங்க. பதிலுக்கு நம்ம துணிக்கு வரி கிடையாது. கொடுத்து வாங்குறதுதானே பேரம்...

அக்கா: வாங்கினது துணிக்காரன். கொடுத்தது? வார்டுல படுத்திருக்காரே பெரியப்பா, அவரைக் கேட்டியா?

தம்பி: எப்படி இருக்காரு?

அக்கா: முகமெல்லாம் வீங்கி, மூச்சுவிட முடியாம... இப்பதான் கேக்கத் தோணுதா?

தம்பி: வேண்டாம்னு எதிர்த்துப் பேசினேன்க்கா. யாரும் காதுல போட்டுக்கலை.

அக்கா: பேசிட்டு கையெழுத்தும் போட்ட. பிள்ளையையும் கிள்ளி, தொட்டிலையும் ஆட்டி...

தம்பி: மெல்லப் பேசு. உள்ள மெஷின் ஓடுற சத்தம் கேக்குது.

அக்கா: ஓடுது. நேத்து நான்தான் பூட்டை உடைச்சேன். பெரியப்பாவுக்குத்தான் முதல்ல போட்டேன். போ, போய் உன் கம்பெனிக்காரன்கிட்ட காட்டிக் கொடு.

தம்பி: அவனுக்கு நேத்தே தெரியும். உடைச்ச நிமிஷமே மெஷின் அவனுக்குத் தகவல் அனுப்பிடுச்சு. யாரு செஞ்சதுன்னு காலையில எங்க ஆபீஸுக்குப் போன் போட்டுக் கத்தினான். பூட்டை உடைக்கச் சொல்லி அரசாங்க உத்தரவு, அதைப் போட்டது நான்னு சொல்லிட்டேன். அதுல என் வேலை போயிடுச்சு. யாரு வந்து கேட்டாலும் நீயும் அதையே சொல்லு.