ஏழாம் நாற்காலி, எட்டு மணி

முதல் பக்கத்தில் தேர்ந்தெடுத்த நாற்காலி இரண்டாம் பக்கத்தில் காணாமல் போனது. பிரச்சினை அவ்வளவுதான். ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டினேன்.

நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். தாளும் பேனாவும் கொடுத்தீர்கள், குடிக்கத் தேநீரும் வாங்கித் தந்தீர்கள். நன்றி. கணினி வேலை உங்களுக்குப் பழக்கமில்லை என்று சொன்னதால் அடியிலிருந்தே தொடங்குகிறேன். நடுவில் நழுவிவிட்டால் முந்திய பத்தியை இன்னொரு முறை படியுங்கள், பிடிபட்டுவிடும்.

சிறுநீரகம் கெட்டுப்போனவர்களின் ரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் செய்யும் மையம் அது. பன்னிரண்டு நாற்காலிகள். ஒவ்வொருவரும் வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் வந்து உட்கார வேண்டும். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும். இரண்டு தடவை தவறினால் மூச்சு முட்டும். ஆகவே எந்த நாற்காலி, எத்தனை மணிக்கு என்பது அவர்களுக்கு உயிர் விஷயம். அதை முன்பதிவு செய்யும் இணையதளத்தைக் கவனித்துக்கொள்வது என் வேலை.

அதை எழுதியது நானல்ல. எழுதியவர் அங்கேயே ஒரு நோயாளி. பதினோரு வருடமாக ஏழாம் நாற்காலிக்காரர். இடது கையில் ஊசியை ஏற்றிக்கொண்டு, சும்மா கிடக்கப் பிடிக்காமல், வலது கையால் மட்டும் தட்டித் தட்டி முழுத் தளத்தையும் எழுதியிருந்தார். விரல்கள் நடுங்கத் தொடங்கிய பிறகு அது என் கைக்கு வந்தது. நிரலில் விளக்கக் குறிப்பு என்று ஒன்றுமே கிடையாது. பத்தொன்பது இடங்களில் 'இதைத் தொடாதே' என்று மட்டும் எழுதியிருந்தது. ஏன் தொடக்கூடாது என்று ஓரிடத்திலும் இல்லை. மையத்தில் எல்லோரும் அவரைத் 'தொடாதே சார்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

ஃபிரேம்வொர்க் என்று ஒன்று உண்டு. இணையதளம் கட்டுபவர்கள் எல்லோருக்கும் பொதுவாகத் தேவைப்படும் தூண், குழாய், மின்கம்பிகளை யாரோ சிலர் முன்கூட்டியே செய்து வைத்திருப்பார்கள். அதை எடுத்துக்கொண்டு நமக்கு வேண்டிய அறைகளை மட்டும் நாம் கட்டுவோம். வருடா வருடம் அதற்குப் புதுப் பதிப்பு வரும். நம் தளம் ஐந்து பதிப்புகள் பின்தங்கியிருந்தது. பழைய பதிப்பில் திருடன் நுழைய ஓட்டைகள் இருக்கும். அதனால் ஏற்ற வேண்டும். ஏணிப்படி மாதிரி ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஏதாவது உடையும். உடைந்ததைச் சரிசெய்துவிட்டு அடுத்த படி.

படியேறும்போது ஃபிரேம்வொர்க் எச்சரிக்கைகளைத் திரையில் எழுதிக்கொண்டே வரும். இதை இப்படிச் செய்யாதே, அதை அப்படி வைக்காதே என்று நூற்றுக்கணக்கான வரிகள். ஒரே வரி நாற்பது தடவை வரும். பக்கத்தில் ஒருவர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் வேலை ஓடும்? முதல் நாளே, தளம் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்து அதை நிறுத்தினேன். எங்கள் தொழிலில் பலரும் செய்வதுதான். அதன் பிறகு திரை துடைத்துவிட்டது போல் இருந்தது.

இரண்டு வாரத்தில் மொத்தம் நாற்பத்தோர் இடங்கள் உடைந்தன. நாற்பதைச் சரிசெய்தேன். மிஞ்சியது இந்த நாற்காலி. என் கணினியில் ஒழுங்காக வந்தது. மையத்தில் போட்டால் வரவில்லை. அதே நிரல், அதே எழுத்து.

வரவேற்பு மேசைப் பெண் நோட்டுப் புத்தகத்தில் பெயர்களை எழுத ஆரம்பித்தாள். மூன்றாம் நாள் ஒரே நாற்காலிக்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள். வீங்கிய காலோடு வந்த ஓர் அம்மாவை மறுநாள் வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். மேனேஜர் மேடம் என்னிடம் வந்தார்.

"பழசையே திரும்பப் போட்டுடுங்களேன். அது நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு?"

"அது இனிமே முடியாதுங்க மேடம்."

முடியும். பத்து நிமிட வேலை. பழைய பிரதி பத்திரமாக இருந்தது. நான் சொன்ன முதல் பொய் அது, குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் நாற்பதைச் சரிசெய்தவன் ஒன்றுக்காகக் கீழே இறங்கி வர முடியுமா, சொல்லுங்கள்.

வரவேற்பு மேசைப் பெண் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "தொடாதே சார் பார்த்துக்கிட்ட வரைக்கும் ஒரு நாள் நின்னதில்ல. நீங்க தொட்டீங்க, படுத்துடுச்சு."

ஏழாம் நாற்காலியிலிருந்து அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வராது. என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள்.

பிழை கண்டுபிடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. நீங்கள் செய்வதும் ஏறக்குறைய அதுதான் என்று நினைக்கிறேன். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றிவிட்டு, அதே கேள்வியை, அதே சொற்களில் கேட்க வேண்டும். பதில் மாறினால் வழி அந்தப் பக்கம் இருக்கிறது. மாறாவிட்டால், மாற்றியதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். பொறுமை இருந்தால் பிடிபடாத பிழையே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுத் தொடாதே சார் வீட்டுக்குப் போனேன். இரண்டாம் மாடி, ஓர் அறை, ஒரு சமையலறை. மூன்று இழுப்பறை வைத்த மேசை. அதற்கு மேலே சுவரில், அன்றன்றைக்கு எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்று எழுதி வைக்கும் அட்டை. எனக்கு முழு டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். அவர் கால் டம்ளர் எடுத்துக்கொண்டு, அட்டையில் குறித்தார்.

"என்னப்பா, உடைஞ்சது ஒட்டிக்கிச்சா?"

"ஒண்ணுதான் சார் பாக்கி. ரெண்டாம் பக்கத்துல நாற்காலி வரல. எங்கிட்ட வருது, அங்க வரல."

"தொடாதேன்னு எழுதியிருந்தேனே."

"ஏன்னு எழுதலையே சார்."

"எழுதியிருந்தா மட்டும் படிச்சிருப்பியா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சரி, எச்சரிக்கை என்ன சொல்லுது?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல."

"சொல்லும்ப்பா. தொண்டை கிழியக் கத்துமே. முதல்ல அதைப் படி."

"மூணு வாரமா ஒரு வரி வரல சார்."

"அப்போ எனக்கும் தெரியாது."

இந்த இடத்தைக் கவனமாகப் பாருங்கள், எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. எச்சரிக்கை வரும் என்றார். வரவில்லை, என் இரண்டு கண்ணால் பார்த்தது. ஆக, அவர் சொன்னதில் ஒன்று பொய். ஒன்று பொய்யென்றால் 'எனக்குத் தெரியாது' என்பதை மட்டும் எப்படி நம்புவது? என் கணினியில் வேலை செய்து, அவர் வாரத்துக்கு மூன்று நாள் உட்காரும் மையத்தில் மட்டும் வேலை செய்யாத ஒன்றை வேறு யார் வைத்திருக்க முடியும்? கைவிட்டுப் போன வேலையின் மேல் மனிதருக்குப் பொறாமை இருப்பது இயல்பு. அதற்காக அவரை நான் வெறுக்கவில்லை.

அவர் எடை ஐம்பத்தொரு கிலோ. தளத்தில் பதிவாகியிருக்கிறது. சமையலறைத் துண்டை வாயில் வைத்து, வேட்டியால் நாற்காலியோடு கட்டினேன். அக்கம்பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தில் இருப்பவர்களுக்கு இடைஞ்சல் வேண்டாம் என்றுதான் துண்டு.

முதலில் வலது கை. மேல் இழுப்பறைக்குள் நான்கு விரல்களையும் வைத்து, என் முழு எடையையும் கொடுத்து மூடினேன். சத்தம் பென்சில் ஒடிவது போல்தான் இருந்தது. துண்டை எடுத்துவிட்டு, ரெண்டாம் பக்கத்துல நாற்காலி ஏன் வரல சார் என்று கேட்டேன். அவர் அழுதுகொண்டே, எச்சரிக்கையைப் படிப்பா என்றார். பதில் மாறவில்லை. மாற்றியதைப் பழையபடி வைக்க வேண்டும் என்று மேலே சொன்னேன். விரல்களை அப்படி வைக்க முடியவில்லை. இந்த முறையில் நான் கண்ட குறை அது ஒன்றுதான்.

அடுத்தது வலது முட்டி. கீழ் இழுப்பறையில் சுத்தியல் இருந்தது. இரண்டு அடி. அதே கேள்வி, அதே பதில். நடுவில் அவருடைய கைபேசி அடித்தது. திரையில் 'மகள்' என்று இருந்தது. ஞாயிறு நான்கு மணிக்குக் கூப்பிடுவாள் என்று எனக்கும் தெரியும், மையத்தில் பல தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறார். விடாமல் அடித்தது. பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திச் சத்தத்தை நிறுத்தினேன். அறை அமைதியாகிவிட்டது. அதற்குப் பிறகு என்னால் தெளிவாக யோசிக்க முடிந்தது.

மிஞ்சியது இடது கை. இந்த நோயாளிகளுக்கு முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு சிறு அறுவை செய்து, தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். அழுத்தமான ரத்தம் நேரே சிரைக்குள் பாய்வதால் அது விரல் கனத்துக்குப் புடைத்துக்கொள்ளும். அப்போதுதான் பெரிய ஊசியைத் தாங்கும். மேலே விரலை வைத்தால் உள்ளே தேனீ இருப்பது போல் அதிரும். எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு என்று எனக்கு எப்போதும் தோன்றும். அந்தக் கையில் ரத்த அழுத்தம்கூடப் பார்க்கக் கூடாது என்று மையத்தின் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.

நான் விரலை வைத்ததும், "அதை மட்டும் தொடாதப்பா" என்றார்.

இருபதாவது. இந்த முறையும் காரணம் சொல்லவில்லை.

மேசை மேல் தாள் வெட்டும் கத்தி இருந்தது. கத்தியை வைத்துக்கொண்டு கேள்வியைக் கேட்டேன். எச்சரிக்கையைப் படி என்றார். வெட்டினேன். இயந்திரம் அந்தக் குழாய் வழியாக நிமிடத்துக்கு முந்நூறு மில்லி எடுக்கும். இயந்திரம் இல்லாமல் அதைவிட வேகமாக வந்தது. தண்ணீர் அட்டை வரை தெறித்தது. முடிகிற வரை இரண்டு தடவை கேட்டேன். பதில் மாறவே இல்லை. எவ்வளவு பிடிவாதக்காரர் என்றுதான் அப்போது நினைத்தேன்.

சட்டையை அங்கேயே அலசிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"என்னங்க, சட்டையெல்லாம் ஈரம்?"

"தொடாதே சார் வீட்டுல குழாய் உடைஞ்சுபோச்சு. பிடிச்சுக் கட்டிட்டு வந்தேன்."

"ஊரு வீட்டுக் குழாய்க்கெல்லாம் கை நீளுது. நம்ம வீட்டுது ஆறு மாசமா சொட்டுது, கண்ணுக்குத் தெரியல."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அன்று சாயங்காலமே அதற்கு வாஷர் மாற்றினேன். இப்போது சொட்டுவதில்லை.

திங்கட்கிழமை ஆறரைக்கே மையத்துக்குப் போய், அமைப்புக் கோப்பை முதல் வரியிலிருந்து படித்தேன். ஒன்பதாவது வரி: எச்சரிக்கைகள் வேண்டாம். நான் எழுதியது. மூன்று வாரத்தில் சுத்தமாக மறந்திருந்தேன். அந்த வரியை எடுத்துவிட்டுத் தளத்தை மறுபடி கிளப்பினேன். திரை நிரம்பியது. முதல் எச்சரிக்கையே அதுதான், நாற்பது தடவையும் அதுதான்: பெட்டியின் மேல் எண்ணைப் பெயராக எழுதாதே, எழுத்தாக மாறிவிடும்.

அவரிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு, அதையும் பதிவு செய்கிறேன். எச்சரிக்கையைப் படி, படி என்று எத்தனையோ தடவை சொன்னார். அதை நிறுத்தி வைத்திருக்கிறாயா என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். ஒரே ஒரு கேள்வி. கேட்டிருந்தால் இன்று அவர் உயிரோடு இருப்பார். இதில் யார் பங்கு எவ்வளவு என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அவரைக் கொன்றது நான். அதில் சந்தேகம் வேண்டாம், கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இனி தீர்வு. முதல் பக்கத்தில் நாற்காலியைத் தேர்ந்தெடுத்ததும், இரண்டாம் பக்கம் வரும் வரை ஃபிரேம்வொர்க் அதை ஒரு பெட்டியில் போட்டு, மேலே நாற்காலியின் எண்ணை எழுதி வைக்கும். பழைய பதிப்பு, எழுதிய எண்ணை எண்ணாகவே திருப்பித் தரும். புதிய பதிப்பு பெட்டியை மூடும்போது எண்ணை எழுத்தாக்கிவிடும். நம் கண்ணுக்கு இரண்டும் ஏழுதான். கணினிக்கு அவை வேறு வேறு. எண் ஏழைத் தேடும், பெட்டியில் இருப்பது எழுத்து ஏழு, கிடைக்கவில்லை என்று வெறும் பக்கத்தைக் காட்டும். என் கணினியில் நான் ஒருவன்தான் என்பதால் பெட்டி திறந்தபடியே இருக்கும், மூடுகிற வேலையே இல்லை, அதனால் அங்கே வந்தது. யாரும் எதையும் ஒளித்து வைக்கவில்லை.

திருத்திவிட்டு, அவர் பெயரிலேயே சோதித்தேன். முதல் பக்கம்: ஏழாம் நாற்காலி, எட்டு மணி. இரண்டாம் பக்கம்: ஏழாம் நாற்காலி, எட்டு மணி, அவர் பெயர். ரத்து செய்வதும் அதே பெட்டியைத்தான் படிக்கும் என்பதால் அதையும் அழுத்திப் பார்த்தேன். ரத்தானது. காத்திருப்போர் வரிசையில் முதலில் இருந்த, கால் வீங்கிய அந்த அம்மாவுக்குத் தானாகச் செய்தி போனது. எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்தார். தொடாதே சார் ரத்து செய்கிற ஆளே இல்லையே என்று வரவேற்பு மேசைப் பெண் அவர் மகளுக்குப் போன் செய்தாள். பிறகு நீங்கள் வந்தீர்கள்.

எனக்குப் பிறகு யாராவது இந்தத் தளத்தைப் பார்க்க வருவார்கள். அவருக்காக இதை எழுதி வைக்கிறேன், காரணத்தோடு: பெட்டியில் தேடுவதற்கு முன் நாற்காலி எண்ணை எழுத்தாக மாற்ற வேண்டும். இருநூற்றுப் பதினான்காவது வரி, ஒரு சொல். வேலை செய்கிறது.