கடைசிப் பத்தி வரை படித்தவர்

மண்புழுவைப் பற்றிப் புதிதாக எழுத ஒன்றும் கிடையாது. அதைத் தூண்டில் முள்ளில் கோர்ப்பது எப்படி என்று பத்தொன்பது வருடத்தில் பதினோரு முறை எழுதியிருக்கிறேன். மண்புழுவும் மாறவில்லை, முள்ளும் மாறவில்லை. தலைப்பைத்தான் நான் மாற்றுவேன். ஒரு வருடம் 'மண்புழு: சில நுணுக்கங்கள்'. இன்னொரு வருடம் 'மண்புழுவை நாம் சரியாகப் பயன்படுத்துகிறோமா?'

இதிலிருந்து ஆரம்பிக்க ஒரு காரணம் உண்டு. நேற்று நீங்கள் என் முன்னால் நான்கு வெள்ளைத்தாள் வைத்து, "கவனக்குறைவா நடந்துபோச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க சார்" என்றீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். தண்ணீர் கொடுத்து, மின்விசிறிக்கு அடியில் உட்காரவைத்துப் பேசுகிற இன்ஸ்பெக்டரை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் மேடம், கவனக்குறைவு என்ற சொல்லுக்குக் கீழே என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை. அந்த மாதக் கட்டுரையைப்போல் கவனமாக நான் வேறு எதையும் எழுதியதில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தாள் போதாவிட்டால் இன்னும் இரண்டு கேட்பேன்.

எங்களுடையது தூண்டில்காரர்களுக்கான மாத இதழ். மாடியில் இரண்டு அறை. முன்னறையில் பக்கம் வடிவமைக்கும் அக்கா, பின்னறையில் ஆசிரியராக நான். செவ்வாய்க்கிழமைகளில் முதலாளியம்மா வந்து இருவருக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்காருவார். மழைக்கு முன்னால் விரால், மழைக்குப் பின்னால் கெண்டை, வெயில் காலத்தில் நிழல் பக்கமாகக் கெளுத்தி. நடுவில் தக்கை செய்வது, தூண்டில் நரம்பில் முடிச்சுப் போடுவது, படகுக்குச் சாயம் பூசுவது. பன்னிரண்டு மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும். பதின்மூன்றாம் மாதம் மறுபடியும் விரால் வந்து நிற்கும்.

முதல் இரண்டு வருடம் நான் அப்படி இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஏதாவது ஒரு கரையில் இருப்பேன். சேறு காய்ந்த செருப்போடு ஆபீசுக்கு வருவேன், எழுதுவேன். பிறகு ஒரு மாதம் காய்ச்சலில் படுத்துவிட்டேன். அக்கா போன் செய்து, பக்கம் காலியாகக் கிடக்கிறதே என்றார். பழைய கட்டுரை ஒன்றை எடுத்து முதல் வரியை மட்டும் மாற்றிப் போடச் சொன்னேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் என்னைக் கெடுத்தது. போன வருடத்துக்கு முன்னால் எட்டு வருடம் நான் ஆற்றங்கரைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டிலும் கேட்க ஆள் இல்லை. என் மனைவி பத்திரிகையைத் தொட்டதே கிடையாது. "நான் மீன் வாங்குறவ, பிடிக்கிறவ இல்ல" என்பாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

கண்டுபிடித்தவர் ஒரே ஒருவர்தான். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், முதல் இதழிலிருந்து சந்தாதாரர். பழைய கட்டுரை எதையாவது நான் புதிதென்று போட்டால், அடுத்த வாரமே அவரிடமிருந்து அஞ்சலட்டை வரும். அதற்கென்றே ஒரு ரப்பர் முத்திரை செய்து வைத்திருந்தார்: 'முன்பே வெளிவந்தது'. அதற்குக் கீழே வருடம், மாதம், பக்க எண்ணைக் கையால் எழுதியிருப்பார். வசவு இருக்காது. கீழே 'அன்புடன்' என்றுகூட இருக்கும். ஆபீசில் அவருக்கு 'முத்திரை' என்று பெயர் வைத்தோம். அக்கா தபாலைப் பிரிக்கும்போதே, "உங்க முத்திரை வந்தாச்சு" என்று சிரிப்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆறு வருடத்தில் முத்திரை விழாத மாதம் நான்கோ ஐந்தோ இருக்கும்.

ஒரு தடவை சோதித்துப் பார்த்தேன். கெண்டைக் கட்டுரையின் கடைசிப் பத்தியில், 'இதுவரை படித்தவர்கள் எனக்கு ஒரு அஞ்சலட்டை போடுங்கள்' என்று ஒரு வரியை நுழைத்தேன். இரண்டாயிரத்து நூறு பிரதி போகிறது. ஒரே அட்டை வந்தது. 'படித்தேன். முன்பே வெளிவந்தது. கடைசி வரி மட்டும் புதியது.' அன்றைக்குப் பூராவும் எனக்கு வேலை ஓடவில்லை. இத்தனை வருடமும் நான் ஒரே ஒரு ஆளுக்குத்தான் எழுதியிருக்கிறேன். அந்த ஆளுக்கும் என் எழுத்து பிடிக்கவில்லை.

போன வருடம் அவர் ஆபீசுக்கே வந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் கண்ணாடிக்கூடு. என் எதிரில் உட்கார்ந்து, "தப்பா எடுத்துக்காதீங்க சார். குத்தம் சொல்றதுக்காகப் படிக்கல. ஆரம்பத்துல ரெண்டு வருஷம் எழுதினீங்களே, அது மாதிரி ஒண்ணாவது வராதான்னுதான் மாசாமாசம் பிரிக்கிறேன்" என்றார்.

அவர் திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன். எனக்கு எது உள்ளே போய் உட்கார்ந்ததென்றால், அந்த இரண்டு வருடத்தையும் என்னைவிட அவர் நன்றாக நினைவில் வைத்திருந்தார். நான் எழுதிய வாக்கியங்களை எனக்கே சொல்லிக் காட்டினார். ஒரு இடத்தில் நான் சொல்லைத் தவறாகச் சொன்னபோது திருத்தினார்.

பிறகு முதலாளியம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். எட்டுப் பக்கம். எந்தக் கட்டுரை எந்த வருடத்தில் எத்தனை முறை வந்தது என்ற பட்டியல். முடிவில், 'ஆசிரியருக்கு ஒரு மாதம் விடுமுறை கொடுத்து ஆற்றுப்பக்கம் அனுப்பி வையுங்கள், அவர் நன்றாக எழுதக்கூடியவர்' என்று கேட்டிருந்தார். நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பார். முதலாளியம்மா அதை அக்காவின் முன்னால் வாய்விட்டுப் படித்தார். எட்டுப் பக்கமும் படித்தார். அக்கா கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. படித்து முடித்து அம்மா, "புதுசா ஒண்ணு போடுப்பா. இல்லேன்னா டிசம்பரோட மூடிடலாம். எனக்கும் வயசாகுது" என்றார். எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. இந்த நாற்காலியை விட்டால் எனக்கு வேறு நாற்காலி கிடையாது.

எனவே ஆற்றுக்குப் போனேன். தடுப்பணையிலிருந்து அரை கிலோமீட்டர் கீழே, ஆறு வளைந்து திரும்பிய பிறகு ஒரு தட்டைப் பாறை இருக்கிறது. கரையிலிருந்து முழங்கால் தண்ணீரில் முப்பதடி நடந்தால் ஏறிவிடலாம். பாறைக்கு மறுபக்கம் ஆழம், அடியில் நிழல். விரால் அங்கே உறங்குகிற மாதிரி நிற்கும். இரண்டு ஞாயிறு அங்கே உட்கார்ந்திருந்தேன். மேடம், எழுத்து வந்தது. செருப்பில் சேற்றோடு வந்தேன், எழுதினேன், பழைய கை திரும்பியிருந்தது. அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

நீர்வள அலுவலகத்தின் அறிவிப்பைப் பற்றி நேற்று கேட்டீர்கள். வரும் மாதத்திலிருந்து புதன், சனிக்கிழமைகளில் மதகு பிற்பகலுக்குப் பதிலாகக் காலை ஒன்பது மணிக்குத் திறக்கப்படும், எச்சரிக்கைச் சங்கு பழுதாகியிருக்கிறது, வாசகர்களுக்குத் தெரிவிக்கவும் என்ற அந்த அறிவிப்பு. இதழ் அச்சுக்குப் போன பிறகுதான் அது என் கைக்கு வந்தது என்று உங்களிடம் சொன்னேன்.

இங்கே ஒரு திருத்தம். அச்சுக்குப் போவதற்கு ஒன்பது நாள் முன்பே வந்துவிட்டது. அக்கா தபால் நோட்டில் தேதி போட்டிருக்கிறார், நீங்களும் பார்த்துவிட்டீர்கள். "இத எந்தப் பக்கத்துல வைக்கட்டும்?" என்று அக்கா கேட்டபோது, "அடுத்த மாசம் போட்டுக்கலாம்" என்றேன். சொன்னபடி அடுத்த மாதம் மூன்றாம் பக்கத்தில், கட்டம் கட்டிப் போட்டேன்.

இன்னொரு திருத்தம். அறிவிப்பு வந்த அன்று கட்டுரையில் கடைசிப் பத்தி இல்லை. பாறை எங்கே இருக்கிறது என்பதை நான் எழுதியிருக்கவில்லை, எந்த நேரம் போகலாம் என்பதையும் எழுதியிருக்கவில்லை. அறிவிப்பைப் படித்த பிறகுதான் எழுதினேன். 'சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பாறையில் இருங்கள். பகல் பன்னிரண்டு வரை நீர் அசையாது.' இந்த இரண்டு வரியை நான்கு முறை திருத்தினேன். முதலில் 'அசைவதில்லை' என்றிருந்தது. 'அசையாது' என்பதில் ஓர் உறுதி இருக்கிறது.

வேறு யாராவது போயிருந்தால் என்று கேட்பீர்கள். யாரும் போகமாட்டார்கள். அதைத்தான் முன்பே சோதித்துப் பார்த்திருந்தேன்.

அவர் சாகவேண்டும் என்று நான் நினைத்ததாக எழுதிவிடாதீர்கள். இடுப்புவரை நனைந்து, பயந்துபோய்க் கரையேறினால் போதும் என்றுதான் நினைத்தேன். அவரால் முத்திரை குத்த முடியாத ஒன்றை ஒரு தடவையாவது அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அவருக்கு நீச்சல் தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஆறு வருட அட்டைகளில் ஏதோ ஒன்றில் எழுதியிருந்தார்.

துக்கத்துக்குப் போனேன். அவருடைய மகள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அந்த வாரம் பூரா அப்பா உங்க கட்டுரையப் பத்தித்தான் சார் பேசிட்டே இருந்தாங்க. அவ்வளவு சந்தோஷமா பாத்து ரொம்ப நாளாச்சு. அவங்களப் பத்தி நீங்க ரெண்டு வரி எழுதணும்" என்று அழுதாள். நானும் அழுதேன், நடிப்பில்லை. இரண்டு பக்கம் எழுதினேன். அந்த இதழுக்கு நாற்பத்தொரு கடிதம் வந்தது. டிசம்பர் முடிந்தும் முதலாளியம்மா மூடுவதைப் பற்றிப் பேசவில்லை. நன்றாக வந்திருந்த அந்த இரண்டு பக்கத்தைப் பற்றிச் சரியாக ஒரு வார்த்தை சொல்லக்கூடியவர் இல்லையே என்பதுதான் இன்றுவரை எனக்கு இருக்கும் பெரிய துக்கம். தபால் வரும்போது அக்கா இப்போதெல்லாம் சிரிப்பதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்று பாக்கி இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை நான் எங்கே இருந்தேன் என்று யாரும் கேட்கவில்லை.

அங்கேதான் இருந்தேன். தடுக்கத்தான் போனேன், அதில் சந்தேகமே வேண்டாம். முந்தின நாளே மனது கேட்கவில்லை. காலையில் சாப்பிடாமல் கிளம்பினேன். நான் கரைமேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதாக எட்டு நிமிடம். பாறைமேல் மடக்கு நாற்காலி போட்டு, தூண்டிலோடு அவர் உட்கார்ந்திருந்தார். முகம் கீழ்ப்பக்கம், தக்கையைப் பார்த்தபடி. ஆற்றின் வளைவு அவருக்கு முதுகுப்பக்கம். எழுந்து வாருங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"எடிட்டர் சாரா? நீங்களும் வந்துட்டீங்களா?" என்றார். நடுவில் முப்பதடி தண்ணீர்தான். சத்தம் போடாமலே பேச்சுக் கேட்டது.

"சும்மா வந்தேன். ஏதாவது மாட்டுதா?" என்றேன்.

"மாட்டினா என்ன, மாட்டலேன்னா என்ன. மூணு தடவ படிச்சேன் சார். எங்கயும் வராத கட்டுரை. பழைய ஆள் திரும்பி வந்துட்டீங்க."

பத்தொன்பது வருடத்தில் என்னிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். எந்த இடம் பிடித்திருந்தது என்று கேட்டேன். விரால் நிழலில் நிற்கிற இடம் என்றார். அந்த வாக்கியத்தை ஒரு சொல் பிசகாமல் சொன்னார். தலைப்பு நன்றாக இருந்தது என்றார். ஆரம்பத்தில் மட்டும் ஒரு வரியைக் குறைத்திருக்கலாம் என்றார். அவர் சொன்னது சரிதான்.

வளைவில் நுரை தெரிந்தது. பின்னாலேயே இலையும் குச்சியுமாகக் கலங்கல் தண்ணீர் திரும்பியது. நான் இருந்த மேட்டிலிருந்து நன்றாகத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. பாறைக்கு வர இரண்டு நிமிடமாவது ஆகியிருக்கும். முப்பதடியைக் கடக்க அவருக்கு ஒரு நிமிடம் போதும். நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் கேட்டிருக்கும்.

ஒரு சொல் சொன்னேன். அவர் அடுத்த வரிக்காக யோசித்துக்கொண்டிருந்தார். நான் முன்னால் குனிந்து, "அப்புறம்?" என்றேன்.