மாமரத்தடிப் பெட்டி

கோபாலபுரம் செக்போஸ்டில் பொள்ளாச்சி பஸ் நின்றுகொண்டிருந்தது. எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். முதலமடையில் மாந்தோப்பு வைத்திருக்கும் மூத்தவர், "எங்க தோப்புக்கு ஸ்கேன் எடுக்கறாங்க" என்றார்.

இளையவள் சட்டென்று நிமிர்ந்தாள். "ஏனுங்க அக்கா, தங்கம் கிங்கம் இருக்குதுங்களா?"

"பூகம்பம் வருமான்னு பாக்கறதுக்காமா, கண்ணு. மரத்தடியில ஒரு பொட்டியப் பொதைச்சிருக்காங்க. எங்கியோ தூரதேசத்துல பூமி ஆடுனா, அந்த அதிர்வு நம்ம மண்ணுக்கடியில எப்படி வருதுன்னு அது புடிச்சுக்குமாம். அத வெச்சு உள்ள பாறை எப்படி இருக்குதுன்னு படம் போடுவாங்களாம்."

"படத்த உங்களுக்குக் காட்டுவாங்களா?"

"அதச் சொல்லலியே."

"பாத்தீங்களா! நல்ல காரியம்னா எதுக்கு மண்ணுக்குள்ள ஒளிச்சு வெக்கறாங்க?"

"பக்கத்துல மோட்டாருகூடப் போட வேண்டாம்னாங்க. ஆளு நடந்தாலே அதுக்குத் தெரிஞ்சிருமாம்."

"நடந்தாத் தெரியும்னா, பேசுனாக் கேக்காதுங்களா?"

மூத்தவர் முகம் மாறியது. "நேத்து அங்க நின்னுதான், தோப்ப எந்தப் பையனுக்கு எழுதறதுன்னு நானும் எங்கூட்டுக்காரரும் பேசுனோம்."

இளையவள் திரும்பி என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவர் காதருகே குனிந்தாள்.

"மெல்லப் பேசுங்க அக்கா. பின்சீட்டுலயும் ஒரு பொட்டி உக்காந்திருக்குது."