ஐந்து நிமிடம் என்று சொல்லிவிட்டுப் போனார்

"செல் வருது! விழுந்து படுங்கோ!"

கத்துகிறேன். கத்தும்போதே விழுந்துவிட்டேன். வாய்க்காலுக்குள் முகம். மூக்கில் சேறு. நெஞ்சுக்குக் கீழே என் மகன் யூட் கிடக்கிறான். மூன்று வயது. வாயைத் திறந்து வைத்திரு என்று அவன் காதில் சொல்கிறேன். வாய் மூடியிருந்தால் வெடிச்சத்தத்தில் காது போய்விடும் என்பார்கள். எங்கள் ஊரில் கைப்பிள்ளைக்கும் அது பழக்கம்.

டமார். ஒன்று. எண்ணுகிறேன். இரண்டு. மூன்றாவது கொஞ்சம் தள்ளி.

நான்காவது வரவில்லை. சிரிப்புச் சத்தம் வருகிறது.

தலையைத் தூக்குகிறேன். மேலே திராட்சைப் பந்தல். கருத்த குலைகள். கம்பத்துக்குப் பக்கம் ஒரு தோட்டம். 1997 மார்ச், செவ்வாய்க்கிழமை, பகல் இரண்டு மணி பத்து நிமிடம். என்னோடு குலை வெட்ட வந்த பெண்கள் எல்லாரும் நின்ற இடத்தில் நிற்கிறார்கள். கையில் கத்தரி. எல்லார் முகத்திலும் சிரிப்பு.

பாண்டியம்மாள் ஓடி வருகிறாள். பந்தலில் எங்களை ஆளுக்கொரு வரிசையாகப் பிரித்து விடுகிறவள். நெற்றி நிறைய திருநீறு.

"ஏ ஆத்தா, எந்திரிடி. செல்லுமில்ல கில்லுமில்ல. கிளி வெரட்ட வெடி போட்டுருக்காக. பழம் கனிஞ்சா இங்கன தெனமும் போடுவாக."

எழுந்தேன். பிள்ளையின் முகத்தைத் துடைத்தேன். கோபம் உச்சந்தலைவரை ஏறியது. சிரித்தவர்கள்மேல் இல்லை. அவர்களுக்கு என்ன தெரியும்? கிளிக்கு வெடி வைக்கிற ஊரில் என்னைக் கொண்டுவந்து போட்ட கடவுள்மேல். ஆறு மாதம் முன்னால் எங்கள் ஊரில் வெடித்தது கிளிக்கு இல்லை.

1996 செப்டம்பர். வியாழக்கிழமை. மன்னார்க் கரை. காலை ஐந்தே முக்கால்.

ஓடுகிறோம். மணலில் கால் புதைகிறது. முதல் பீரங்கிச் செல் பனங்காணிப் பக்கம் விழுந்தது. கிழித்துக்கொண்டு வரும் சத்தம். பிறகு அடி. என் கணவர் செபமாலை முன்னால் ஓடுகிறார். தோளில் யூட். அப்போது இரண்டு வயது. பின்னால் மூத்தவள் ரெஜினா. பதின்மூன்று வயது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருக்கிறாள். புதுச் செருப்பு. மண் படக்கூடாதாம்.

படகில் காலூன்ற இடமில்லை. யூட்டை என் மடியில் இறக்கினார். அவருடைய கை இடுப்புக்குப் போனது. முகம் மாறியது.

இடுப்புக் கயிற்றில் சாவி.

எங்கள் கோயிலில் மணி அடிப்பது, திரி ஏற்றுவது, பூசைச் சாமான் பார்ப்பது எல்லாம் அவர்தான். இரண்டு நாள் முன்னால், பூசை வைக்கும் எங்கள் பங்குச் சுவாமி காயப்பட்டவர்களோடு ஆசுப்பத்திரிக்குப் போயிருந்தார். நற்கருணைப் பேழையின் சாவியை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். பேழைக்குள் பூசையில் எழுந்தேற்றம் செய்த அப்பம் இருக்கிறது. எங்களுக்கு அது ஆண்டவரின் உடல். அடுத்த ஊர்க் கோயிலில் பேழையை உடைத்து அப்பத்தைத் தரையில் கொட்டி மிதித்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்த மனுஷன் இவர்.

"அஞ்சு நிமிஷம். அப்பத்தை உட்கொண்டிட்டு ஓடி வாறன்."

"வேண்டாம்!" என்று கத்தினேன். ஓடிவிட்டார். "அப்பா, நில்லுங்கோ!" ரெஜினாவும் குதித்தாள். செருப்பு இன்னும் கையில்தான்.

கோயில் கூப்பிடு தூரம். ஓட்டமும் நடையுமாய்ப் போய்வர ஐந்து நிமிடம் போதும். ஐந்து ஆனது. பத்து ஆனது. படகுக்காரர் இயந்திரத்தை இழுத்து முடுக்கினார். நான் பிள்ளையோடு எழுந்தேன். இரண்டு பெண்கள் தோளை அமுக்கிப் பிடித்தார்கள். அப்போது கோயில் பக்கம் இரண்டு அடி. அடுத்தடுத்து. ஓடு சரியும் சத்தம் கடல்வரை கேட்டது. புகை எழும்பியது.

"தள்ளு! தள்ளு!" என்று யாரோ கத்தினார்கள். படகு நகர்ந்தபோது மணி ஆறு இருபது. என்னைப் பிடித்த அந்தக் கைகளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி வேதத்தில் இருக்கிறது. தெரியும்.

நடுக்கடலில் ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள். மாலைவரை தண்ணீர் இல்லை. பிறகு ராமேஸ்வரம். பிறகு மண்டபம் அகதி முகாம். பிறகு லாரியில் ஏற்றி இந்தப் பள்ளத்தாக்கு. இரு பக்கமும் மலை. கடல் எந்தத் திசையில் என்றுகூடத் தெரியவில்லை.

இங்குள்ள முகாமில் பேர் கூப்பிடும் நாள் உண்டு. அதிகாரி மேசை போட்டு உட்காருவார். குடும்பம் குடும்பமாக நிற்கவேண்டும். முதல் தடவை என்னிடம் கேட்டார். "புருசன் இருக்காரா, இல்லையா? ஒண்ணச் சொல்லும்மா." வருவார் என்றேன். விதவை என்று எழுதப் பேனாவைத் தூக்கினார். மேசையில் ஓங்கி அடித்தேன். மை கொட்டியது. எழுதவிடவில்லை.

ஞாயிறுதோறும் பக்கத்து ஊர்க் கோயிலுக்குப் போனேன். பூசை முழுக்க முழந்தாளில் இருந்தேன். நற்கருணைக்கு எல்லாரும் வரிசையாக எழுவார்கள். நான் எழமாட்டேன். அந்த அப்பத்துக்காகத்தானே போனார். உலகத்தைப் படைத்தவருக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள என் வீட்டு மனுஷன் வேண்டியிருந்ததா? ஒரு துண்டு அப்பத்தைக் கையில் ஏந்தி நிற்கும் சுவாமியைப் பார்த்துப் பல்லைக் கடிப்பேன். வாங்கவில்லை. ஒரு ஞாயிறுகூட.

அக்டோபர் வந்தால் உபதேசியார் சீட்டோடு வருவார். உள்ளூர்க்காரர். கோயில் காரியங்கள் பார்ப்பவர். நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். இறந்தவர்களின் பெயரை ஒவ்வொரு வீடும் எழுதிக் கொடுக்கும். சுவாமி பீடத்தில் வாசிப்பார்.

"பிலோமினாம்மா, அவுக ரெண்டு பேரு பேரையும் எழுதிருவமா? ஆத்துமா எளைப்பாறுமில்ல?"

சீட்டைக் கிழித்தேன். அடுத்த வருடமும் வந்தார். அடுத்த வருடமும் கிழித்தேன். வேறொரு மன்றாட்டில் அந்தப் பெயர்களைக் கொடுத்தேன். பயணம் செய்கிறவர்களுக்கான மன்றாட்டு. சுவாமி முகம் சுளிக்காமல் வாசித்தார். பயணம் செய்யும் செபமாலை, ரெஜினா இருவருக்காகவும் ஆண்டவரை மன்றாடுவோம். வருடாவருடம். எந்தக் கடலைத் தாண்ட இத்தனை வருடம் என்று பின்வரிசையில் குசுகுசுப்பார்கள். திரும்பி முறைப்பேன். நின்றுவிடும்.

ஒருமுறை வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் முகாமுக்கு வந்தார். ஒலிபெருக்கி கட்டிப் பேசினார். பொன்னை நெருப்பில் புடமிடுவதுபோல உங்களைக் கர்த்தர் புடமிடுகிறார் என்றார். கூட்டத்தின் நடுவில் எழுந்தேன்.

"ஐயா, என்ர பிள்ளை பொன் இல்லை. பதின்மூன்று வயசு."

பிறகு பாட்டுப் பாடினார்கள்.

கடவுளோடு என் சண்டை முழுக்கப் பந்தலுக்கு அடியில்தான். வாய்விட்டே போடுவேன். என்னை இங்கே வைத்திருக்கிறீர், அவர்களை எங்கே வைத்திருக்கிறீர், சொல்லும். கத்தரி ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். 2001 தவக்காலத்தில் நாற்பது நாளும் அவரோடு பேசுவதில்லை என்று தீர்மானம் எடுத்தேன். ஒன்பதாம் நாள், கொடி கழிக்கும் கவாத்துக் கத்தி விரலைக் கிழித்தது. "ஆண்டவரே, இதுவும் உம்முடைய வேலையா?" என்று கத்திவிட்டேன். ஒன்பது நாள்தான் தாங்கியது.

பாண்டியம்மாள் அன்றைக்குச் சேலைக் கரையைக் கிழித்து விரலில் கட்டினாள்.

"தெனமும் உங்க சாமியக் கிழிகிழின்னு கிழிக்கிறியே. பதிலு சொல்றாரா?"

"இல்லை."

"பெறகு எதுக்குடி தொண்டையப் புண்ணாக்குற?"

முகாமுக்கு நடக்கும் வழியெல்லாம் யோசித்தேன். ஆள் இல்லாத வீட்டு வாசலில் நின்று ஒருத்தி இத்தனை வருடம் கத்துவாளா? உள்ளே ஆள் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்கிறது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

பாண்டியம்மாள் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நான் வாய்க்காலில் விழுந்த நாளுக்குப் பிறகு, வெடி வைக்கப்போகும் ஒவ்வொரு தடவையும் பந்தலின் அந்தக் கோடியிலிருந்து குரல் வரும். "ஏ பிலோமீ! வெடி போடப்போறாக! கிளிக்குத்தேன்!" பதின்மூன்று வருடம். ஒரு நாள் தவறவில்லை. காய்ச்சலில் அவள் வராத நாளில் வேறொருத்தியிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். எங்கள் ஊரில் எந்தச் செல்லுக்கு முன்னாலும் யாரும் எங்களை அப்படி எச்சரித்ததில்லை. கடவுள் உட்பட. அதையும் அவரிடமே சொன்னேன்.

2009 மே. சண்டை முடிந்தது என்று ரேடியோ சொன்னது. முகாமில் யார் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. நான் மட்டும் சோறு ஆக்கினேன். வழி திறந்தால் அவர்கள் வருவார்கள். பசியோடு வருவார்கள்.

வரவில்லை. 2010 அக்டோபரில் சந்தியோகு வந்தான்.

எங்கள் ஊர்ப் பையன்தான். இப்போது நாற்பது தாண்டிவிட்டது. ஒரு கால் முழங்காலோடு இல்லை. இத்தனை வருடம் சண்டை நடந்த வன்னிக்குள் கிடந்தவன். கடிதம் வெளியே வராத இடம். முகாமில் இருக்கும் தன் தங்கையைப் பார்க்க வந்தான். என்னைக் கண்டதும் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். ஞாயிறு, மாலை நாலரை மணி.

"அக்கா, அண்ணன் கோயிலுக்கு வந்து சேர்ந்தவர்."

நான் நின்றுகொண்டே கேட்டேன்.

கரைக்கு ஓட முடியாத பத்தொன்பது பேர் கோயிலுக்குள் இருந்தார்களாம். காயப்பட்டவர்கள், வயதானவர்கள், பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி. செபமாலை பேழையைத் திறந்தார். தானே உட்கொண்டுவிட்டு ஓடத்தான் வந்தார். திரும்பிப் பார்த்தார். எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் படுத்தபடி வாயைத் திறந்தார்.

வெறுங்கையால் அப்பத்தைத் தொட அவருக்குப் பயம். சுவாமிமார் தொடுவது. கையைச் சட்டையில் துடைத்தார். திரும்பத் துடைத்தார். பிறகு கொடுக்கத் தொடங்கினார். ஒவ்வொருவராக. ரெஜினா மூச்சிரைக்க ஓடி வந்தாள். செருப்பை வாசலில் வைத்தாள். தட்டை எடுத்து ஒவ்வொருவர் நாடிக்குக் கீழேயும் பிடித்தாள். துணுக்கு கீழே விழக்கூடாது அல்லவா. நான்தான் அவளுக்குப் பழக்கியது.

"எனக்கும் ஒன்று தந்தவர் அக்கா. கால் போன வலியில கத்திக்கொண்டு கிடந்தனான். தந்தாப் பிறகு கத்தேல்ல."

பத்தொன்பது பேருக்கும் கொடுத்து முடித்தார்கள். கடைசித் துண்டை இரண்டாக உடைத்து அப்பாவும் மகளும் உட்கொண்டார்கள். அப்போது பீடத்துக்கு மேலே கூரை பிளந்தது.

மிஞ்சியது ஆறு பேர். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் பின்னால், பூவரச மரத்தடியில், ஒரே குழியில் மற்ற எல்லாரையும் வைத்தார்கள்.

அழவில்லை. கத்தினேன். தானே தின்றிருந்தால் வந்திருக்கலாமே! ஐந்து நிமிடம் என்றுதானே சொன்னார்! முகாம் முழுக்கக் கேட்டிருக்கும். யூட் வந்து என் கையைப் பிடித்தான். அவனுக்கு இப்போது பதினாறு. அப்பாவின் கை. அதே தடித்த விரல்கள்.

மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. நான்காம் நாள் போனேன். பாண்டியம்மாளிடம் சொன்னேன். கத்தரியைக் கீழே போட்டாள். "அம்புட்டுப் பேருக்கும் பந்தி வச்சுட்டுத்தான் போயிருக்காக" என்று சொல்லி மாரில் அடித்துக்கொண்டாள். பதினான்கு வருடம் நான் அதை அப்பம் என்று மட்டுமே பார்த்தேன். திருநீறு பூசிய இவளுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. அவர் கடவுளைக் காப்பாற்றப் போனார். கடவுள் அவர் கையாலேயே பத்தொன்பது பேருக்குப் பரிமாறிவிட்டார். அதற்கு என் வீட்டு ஆட்கள்தானா கிடைத்தார்கள்? அந்தக் கேள்வி அப்படியே இருக்கிறது. அந்தப் பத்தொன்பது பேரும் வாயைத் திறந்து கிடந்ததும் அப்படியே கண்ணுக்குள் இருக்கிறது.

ஞாயிறு காலை பூசை. எல்லாரும் வரிசையில் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். கோயில் திரும்பிப் பார்த்தது. சுவாமி அப்பத்தைத் தூக்கிப் பிடித்தார். "கிறிஸ்துவின் உடல்." ஆமென் என்றேன். சமாதானமாகச் சொல்லவில்லை. ஆனால் சொன்னேன். வாயைத் திறந்தேன்.

மறுநாள் உபதேசியாரை நானே தேடிப்போனேன். சீட்டு கேட்டேன். கிழிக்கப்போகிறேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. தயங்கித் தயங்கி நீட்டினார். அதில் பத்துக் கோடுகள். இன்னொன்றும் வேண்டும் என்றேன். சந்தியோகு ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல எழுதினேன்.

நவம்பர் இரண்டு, செவ்வாய்க்கிழமை. கல்லறைத் தோட்டத்தில் எங்களுக்கு என்று ஒரு கல்லறை கிடையாது. வேலியோரம் வெறுந்தரையில் மெழுகுதிரி வைத்தேன். மாலை ஐந்து மணி. பக்கத்துத் தோட்டத்தில் வெடி. மூன்று. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல். "ஏ பிலோமீ! கிளிக்குத்தேன்!" கொஞ்சம் பிந்திவிட்டாள். பரவாயில்லை. நான் விழவில்லை.

சுவாமி வாசித்து முடித்தார். இனி நான் சொல்கிறேன். படிக்கிறவர்கள் மறக்கவேண்டாம்.

செபமாலை. முப்பத்தெட்டு வயது. என் கணவர்.

ரெஜினா. பதின்மூன்று வயது. என் மகள்.

கோயிலுக்குள் இருந்த மற்றவர்கள், பதின்மூன்று பேர். அவர்களில் பிள்ளைத்தாய்ச்சியும் ஒருத்தி. அவள் வயிற்றில் இருந்த பிள்ளைக்குப் பெயர் இல்லை. சீட்டில் எழுத முடியவில்லை. அதற்கும் சேர்த்துத் திரி வைத்தேன். பதினாறு.

இழந்தது இன்னும் உண்டு. ஒரு கோயில். ஒரு வீடு. சந்தியோகுவின் ஒரு கால். வாசலில் வைத்த ஒரு சோடிச் செருப்பு, மண் படாதது.

கடவுளை இழக்கவில்லை. அவர் இன்னும் எனக்குப் பதில் சொல்லவில்லை. நாளைக்கும் பந்தலுக்கடியில் கேட்பேன்.