மூடியைக் கழட்டு, சாட்சி இருக்கு

இல்லப்பா, நீ குறுக்க பேசாத, வரிசை மாறிடும். மொதல்ல மில்லுக்காரங்க எங்க சங்கத்து மைக் செட்டைப் புடுங்கினாங்க. அப்புறம் கேட்டுக்குப் பக்கத்துல இருந்த நோட்டீஸ் போர்டைப் பேத்தாங்க. மூணாவது, சங்க ஆபீசுக்குக் கரண்டை நிறுத்தினாங்க. போராடித் திரும்ப வாங்கினோம். நாலாவதுதான் இந்தக் கம்ப்யூட்டர் மானிட்டர். தானா ரிப்பேராச்சாம்! எங்க மில் மேனேஜர் தும்மினாலும் அதுல ஒரு திட்டம் இருக்கும், இது மட்டும் தானா போச்சாக்கும்?

சரி சரி, உன் வேலையைப் பாரு. ஒயரை மாத்தித்தான் போடேன், நான் என்ன வேணாம்னா சொன்னேன்? பாத்தியா, அதேதான். பட்டனை அமுக்கினா பச்சை லைட்டு வருது, படம் ஒரு நொடி தலையைக் காட்டுது, அப்புறம் இருட்டு. லைட்டு மட்டும் கண்ணடிச்சிட்டே கெடக்கும். அப்ப வெளிக் கரண்டு ஒழுங்கா வருது, உள்ளதான் எவனோ திங்கறான். எனக்கு உன் தொழில் தெரியாது. ஆனா எவன் திங்கறான்னு கண்டுபிடிச்சுக் கண்டுபிடிச்சே நரைச்ச தலை இது.

புதுசு வாங்கவா? யோசனை சொல்றியே, நீ யார் ஆளு? கோவிச்சுக்காத, எல்லாரையும் கேப்பேன். எங்க வீட்டம்மாவையே கேட்டிருக்கேன். அன்னிக்குச் சோறு கெடைக்கல.

நாளைக்குக் காலைல கேட் மீட்டிங். கம்பெனி நீட்டற ஒப்பந்தத்தை ஏத்துக்கறதா வேணாமான்னு ஓட்டு. ஏத்துக்கிட்டா ராத்திரி ஷிப்டு ஆளுங்க மொத்தமா வீட்டுக்குப் போகணும். அதைக் கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல ஒளிச்சு வச்சிருக்கான். அந்த ஒரு வரியை நான் பெருசாப் போட்டு நோட்டீஸ் அடிக்கணும். வெளில குடுத்தா மை காயறதுக்குள்ள மேனேஜர் மேசைக்குப் போயிடுது. அதான் இந்தப் பொட்டில நானே உக்காந்து தட்டறேன்.

ஏன் திரும்பிப் பாக்கற? பெஞ்சுல இருக்கற ரெண்டு பேரும் நம்மாளுங்கதான். தடியா இருக்கறவர் பொருளாளர். நான் உக்காரச் சொன்னா நிப்பார், நிக்கச் சொன்னா உக்காருவார். பக்கத்துல என் தங்கச்சி பையன், சங்கச் செயலாளர். குட்டித் தலைவர்னு நான்தான் பேர் வச்சேன், இப்ப ஊரே அப்படித்தான் கூப்பிடுது. எனக்கப்புறம் சங்கத் தலைவர் அவன்தான். ரெண்டு பேரையும் சாட்சிக்குன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்.

ஸ்குரூ வந்துடுச்சா? இரு, சட்டுனு கையை வைக்காத, பெரிய கண்டன்சர்ல கரண்டு தங்கியிருக்கும். தெரியுமா? தெரிஞ்சா சரி. அந்தச் சின்னக் கண்டன்சருங்க வரிசையா நிக்குதே, தலை உப்பியிருக்கா? அதான் வியாதியா? ஆனா போன மழைக்கு நான் முன்னால நின்னு புதுசு போட வச்சேனே தம்பி. அது நீலம். இது பச்சை. சூட்டுல நீலம் பச்சையாகுமா? ஆகாதுல்ல? அதைச் சத்தமாச் சொல்லு, பெஞ்சுக்குக் கேக்கணும். அப்ப நல்லதைக் கழட்டிட்டு, செத்ததை வைக்கச் சொல்லி எவனோ ஒரு கடைக்குத் தூக்கிட்டுப் போயிருக்கான்.

ஆபீஸ் சாவி மூணு. ஒண்ணு என் பையில. மத்த ரெண்டும் அந்தப் பெஞ்சுல உக்காந்திருக்கு.

உங்க தொழில்ல ஒரு பழக்கமாமே? திறந்த பொட்டியை மூடறதுக்கு முன்னாடி, பின்மூடிக்கு உள்பக்கம் தேதியையும் கொண்டாந்த ஆள் பேரையும் மார்க்கர்ல எழுதி வைப்பீங்களாம். கொண்டாறவனுக்கு அது தெரியாது. எனக்கே நேத்துதான் தெரியும். அதுக்குத்தான்பா வந்தேன். ரிப்பேரு அப்புறம் பண்ணு, நோட்டீஸ்ல இன்னொரு வரி கூடினாலும் கூடும்.

மூடியைத் திருப்பு. மேல இருக்கறது நான், போன மழை. கீழ? போன வாரத் தேதியா?

பொருளாளரே, கிட்ட வாங்க. மாப்ள, நீ ஏன் வாசப்பக்கம் நகர்ற? வெளில வெயில், வா இங்க.

ஏன்பா மூடியை மறைக்கற? குடு, நானே படிக்கறேன். ரெண்டு பேரும் நல்லாக் கேட்டுக்குங்க.

குட்டித் தலைவர்.